வினிகரின் புளிப்பை அளக்க மூன்று வழிகள்: நிறங்காட்டியா, பிஎச் மீட்டரா, கடத்துத்திறன் மானியா?

பாரிஸில் வகுக்கப்படும் பாடத்திட்டமே இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுப் பகுதியான ரீயூனியன் தீவிலும் நடப்பதால், இங்குள்ள லிசேக்களில், அதாவது மேல்நிலைப் பள்ளிகளில், இறுதியாண்டான தெர்மினால் வகுப்பில் இயற்பியல்-வேதியியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் பிள்ளைகள் அமில-காரத் தரம்பார்த்தலை, அதாவது செறிவு தெரிந்த காரத்தைச் சொட்டவிட்டு அமிலத்தின் அளவைக் கண்டுபிடிப்பதை, மூன்று வழிகளில் பழக வேண்டியிருக்கிறது: நிறங்காட்டியின் நிறமாற்றத்தைப் பார்த்து நிறுத்துவது, அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பிஎச் மீட்டரைக் கொண்டு வளைகோடு வரைவது, கரைசலின் மின்கடத்துத்திறனைப் பின்தொடர்வது. புதுச்சேரியில் நான் படித்த காலத்தில் அளவிட்டுச் சொட்டவிடும் குழாயான பியூரெட்டையும், பினாப்தலீன் என்ற நிறங்காட்டியின் புட்டியையும் தவிர வேறெதையும் எங்கள் கையில் கொடுத்ததில்லை. அதனால், விலை கூடிய கருவி சரியான விடையைத் தரும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாள் இருந்தது. இங்கே மாணவர்களின் தோளருகே நின்று ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகுதான் அது கலைந்தது.

மூன்றையும் ஒரே பொருளில் நிறுத்துப் பார்ப்போம். கடையில் 8 பாகை என்று அச்சிட்டு விற்கும் வெள்ளை வினிகரில், 100 கிராமுக்கு 8 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதைப் பத்து மடங்கு நீர்த்து, 10 மி.லி. எடுத்து, லிட்டருக்கு 0.100 மோல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டவிட்டால், ஏறத்தாழ 13.4 மி.லி. செலவாக வேண்டும்.

நிறங்காட்டியை எடுத்தால், எந்தக் காட்டி என்பதே முழுக் கேள்வி. அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது என்பதால், சேர்த்த காரம் அமிலத்துக்குச் சரியாக ஈடாகும் சமான நிலையில் பிஎச் 7-இல் நிற்காமல் 8.7-ஐ ஒட்டி நிற்கும். 1871-இல் அடால்ஃப் ஃபொன் பேயர் தயாரித்த பினாப்தலீன் 8.2-க்கும் 10-க்கும் இடையில் இளஞ்சிவப்பாவதால், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இதற்குப் பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சோ 3.1-இலிருந்து 4.4-க்குள் தன் வேலையை முடித்துவிடும். அதை நம்பிய மாணவர் 4 மி.லி. அளவிலேயே குழாயை மூடி, 8 பாகை வினிகரை இரண்டரைப் பாகைக்கும் கீழே இறக்கிவிடுவார். இங்குள்ள ஆய்வகங்களில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் புரோமோதைமால் நீலம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது 12.7 மி.லி. அருகிலேயே பச்சை காட்டத் தொடங்கும், 13.4-ஐ எட்டும்போது முழு நீலமாகும். பச்சையைக் கண்டதும் நிறுத்துகிறவர் ஏமாறுவார், நீலம் வரை பொறுப்பவர் தப்புவார்.

சரியான காட்டி கிடைத்துவிட்டால், இந்த வழியின் பிழை பெரும்பாலும் கடைசிச் சொட்டின் பிழைதான். ஒரு சொட்டு 0.05 மி.லி. என்று கொண்டால், 13.4-இல் அது ஆயிரத்துக்கு நான்கு பங்குகூட இல்லை. குடுவையின் கீழே வெள்ளைத் தாளை வைத்து, சொட்டு விழுந்த இடத்தில் தோன்றும் சிவப்புச் சுழல் கலைவதற்குத் தாமதமாகத் தொடங்கியதுமே குழாயைப் பாதியாக மூடப் பழகியவருக்கு வேறு கருவியே தேவையில்லை. நின்ற நிறம் ஒரு நிமிடம் கழித்து வெளுப்பதைக் கண்டு மேலும் ஒரு சொட்டு விடுவது மட்டும் வேண்டாம். காற்றின் கார்பன் டைஆக்சைடு கரைவதால் வரும் வெளுப்பு அது. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் பினாப்தலீனைப் பெருங்கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே ஆய்வகத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைந்த நீர்த்த கரைசலையே வைத்துக்கொள்வது நல்லது.

பிஎச் மீட்டரிடம் போனால் கதை மாறுகிறது. முதலில் பிஎச் முன்பே தெரிந்த இரண்டு தாங்கல் கரைசல்களில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு, காந்தக் கலக்கியின் துண்டு கண்ணாடி மின்முனையின் குமிழில் மோதாதபடி உயரத்தைப் பார்த்துப் பொருத்த வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறை ஊற்றிய பின்னும் எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரமே தரப்படும் பக்கலோரெயா (பள்ளியிறுதி) செய்முறைத் தேர்வில் இது சிறு விலை அன்று. இதைவிடப் பெரிய கண்ணி வேறொன்று உண்டு. 13.3-இலிருந்து 13.5 மி.லி.க்குப் போவதற்குள் பிஎச் 7-ஐ ஒட்டிய நிலையிலிருந்து 10-ஐத் தாண்டி ஏறிவிடும். அந்த இடத்திலும் ஒரு மி.லி. இடைவெளியில் ஊற்றியவர், எவ்வளவு அழகாகத் தொடுகோடுகள் வரைந்தாலும், சமான நிலையை நிறங்காட்டிக்காரரைவிட மோசமாகவே சொல்வார். மாறாக, மீட்டர் சற்றே தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தால் பிள்ளைகள் பதறுவது வீண். வளைகோடு முழுவதும் ஒரே அளவு மேலோ கீழோ நகர்ந்திருந்தால் சமான நிலையைக் காட்டும் செங்குத்தான பகுதி வலமோ இடமோ நகராது. ஆனால், பாதி வழியில், அதாவது 6.7 மி.லி.யில் படிக்கும் பிஎச் மதிப்பிலிருந்து அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் எண்ணான பிகேஏ 4.8 என்று பெறலாமே, அங்கே அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். இந்த ஓர் எண்ணுக்காகவே பிஎச் மீட்டரை நான் மதிக்கிறேன். எந்த நிறங்காட்டியும் அதைத் தராது.

கடத்துத்திறன் மானியை மாணவர்கள் விரும்புவதில்லை, எனக்கோ அது பிடிக்கும். வினிகரில் காரம் சேரச் சேர சோடியம் அயனியும் அசிட்டேட் அயனியும் பெருகி, கடத்துத்திறன் மெல்ல ஏறுகிறது; சமான நிலையைத் தாண்டியதும் அசிட்டேட்டின் இடத்தில் ஹைட்ராக்சைடு சேர்வதால், அதே கோடு இரண்டரை மடங்குக்கும் மேல் செங்குத்தாகிறது. இரண்டு நேர்கோடுகள் வெட்டும் புள்ளியே விடை. ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் கோடு முதலில் சரிந்து பின் ஏறுவதால் முனை இன்னும் கூர்மையாக இருக்கும். சமான நிலையை ஒட்டிச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டியதில்லை, தொலைவில் எடுத்த புள்ளிகளே கோட்டைத் தாங்குகின்றன. ஒரே சீராக மி.லி. மி.லி.யாக ஊற்றிக்கொண்டே போகலாம். தொடக்கத்திலேயே 200 மி.லி. அளவுக்கு நீர் சேர்த்துவிடுவது மட்டும் முக்கியம், இல்லையென்றால் கோடுகள் வளையும். நீர் சேர்த்தால் விடை கெட்டுவிடுமோ என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். குடுவையிலுள்ள அமில மோல்கள் நீரால் குறைவதில்லை.

வெள்ளை வினிகருக்கு என் தேர்வு தயக்கமின்றி நிறங்காட்டிதான். மங்கலான பொருளுக்கு வந்தால் அது தோற்கிறது. கரும்பிலிருந்து எடுத்த பழுப்பு வினிகரைப் பத்து மடங்கு நீர்த்தாலும் தேநீர் கழுவிய நீர்போல் ஒரு சாயல் தங்கிவிடுகிறது, இளஞ்சிவப்பு அதில் செம்மஞ்சளாகத்தான் தெரியும். புளிக்கரைசலில் அதுவும் தெரியாது. அங்கே பிஎச் மீட்டருக்கு ஈடில்லை. 1934-இல் ஆர்னால்டு பெக்மன் அதைக் கலிபோர்னியாவில் உருவாக்கியதும், நிறத்தை நம்ப முடியாத எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்கத்தான்.

ஊறுகாய் நீர், அதாவது இங்கே வீடுதோறும் போடும் அஷாரின் நீர், மூன்றையுமே சோதிக்கும். உப்பு மிகுந்திருப்பதால் கடத்துத்திறன் தொடக்கத்திலேயே எகிறி நின்று, சாய்வு மாற்றத்தை விழுங்கிவிடும். பிளேன் தே கிரேக் பகுதியில் விளையும் மஞ்சள் அதில் கலந்திருப்பதால், காரம் விழுந்ததும் நீரே சிவந்து பினாப்தலீனின் நிறத்தை மறைத்துவிடும். மிஞ்சுவது பிஎச் மீட்டர். ஆனால் மேலே மிதக்கும் எண்ணெய் கண்ணாடிக் குமிழில் படிந்தால் எண் நிலைக்கவே நிலைக்காது. ஆகவே பிப்பெட்டின் நுனியை எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே இறக்கி அடி நீரை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மின்முனையைச் சோப்பு நீரில் மெல்ல அலசி, பொட்டாசியம் குளோரைடுக் கரைசலில் திரும்ப வைக்க வேண்டும்.