ஒற்றைக் கட்டமா, இரட்டைக் கட்டமா: இரண்டு ஸ்னோபுளோவர்களுடன் பல குளிர்காலங்கள்

பனியை வாரி வீசும் இயந்திரமான ஸ்னோபுளோவரை வாங்க விரும்புபவர்களிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, உங்கள் பகுதியில் எவ்வளவு பனி கொட்டும் என்பதைத்தான். ஒன்ராறியோவில் இரண்டு வகை இயந்திரங்களையும் ஒரே கராஜில் வைத்துப் பல குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருப்பதாக நினைக்கிறேன். நகரசபையின் பனி வாரும் வண்டி தெருவால் போன பிறகு, உங்கள் டிரைவ்வேயின் வாயிலில் என்ன கிடக்கிறது?

முதலாவது இயந்திரம், 21 அங்குல அகலமுள்ள ஒற்றைக் கட்ட ஸ்னோபுளோவர். ஸ்காபரோவில் ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய சிறிய டிரைவ்வே இருந்த காலத்தில் வாங்கியது. இரண்டாவது, 24 அங்குல அகலமுள்ள இரட்டைக் கட்ட இயந்திரம். வடக்கே பேரி நகரத்துக்குக் குடிபெயர்ந்த பின்னர், இரண்டு கார்கள் அருகருகே நிற்கும் டிரைவ்வேக்காக வாங்கினேன். ஜோர்ஜியன் விரிகுடாவின் மேலாக வரும் குளிர்காற்று ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் ஊர் அது. ரொறன்ரோவில் வெயில் அடிக்கும் நாளிலும் அங்கே பனி கொட்டிக்கொண்டிருக்கும். எந்தத் தயாரிப்பு என்பதை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஒரே வகைக்குள் நல்ல தயாரிப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறியது. வகைகளுக்கு இடையே உள்ளதுதான் பெரியது.

சவளால் ஏன் அள்ளக்கூடாது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 6 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள டிரைவ்வேயில் 10 செ.மீ. பனி விழுந்தால் அது 6 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 600 கிலோவை இடம் மாற்ற வேண்டும். ஈரப்பனி என்றால் அது இரண்டு மூன்று மடங்காகும். கியூபெக் மாகாணத்து மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை, கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு அதிகரிப்பதைக் காட்டியது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இந்த இயந்திரத்தை ஆடம்பரச் செலவாகக் கருதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒற்றைக் கட்ட இயந்திரத்தில், வேகமாகச் சுழலும் ரப்பர் துடுப்புகளே பனியை வாரி, அதே சுழற்சியில் மேலுள்ள குழல் வழியாக வீசிவிடுகின்றன. அந்த ரப்பர் நிலத்தைத் தொட்டபடி சுழல்வதால், தாரின் கருமை தெரியும் அளவுக்கு டிரைவ்வே துப்புரவாகிவிடுகிறது. இதில் இந்த வகைக்கு நிகர் இல்லை. 10 செ.மீ. வரையான உலர்ந்த பனியை நான் இன்றுவரை இதனால்தான் அகற்றுகிறேன். எடை சுமார் 45 கிலோ என்பதால் ஒரு கையால் திருப்பலாம். கைப்பிடியை மடக்கிக் கராஜின் ஒரு மூலையில் ஒதுக்கியும் வைக்கலாம். ஆனால் சக்கரங்களுக்கு இயந்திர விசை கிடையாது. நிலத்தை உரசும் துடுப்புகளே இயந்திரத்தை முன்னோக்கி இழுக்கின்றன. ஏற்றமான டிரைவ்வேயில் மிச்சத்தை நம் தோள்தான் தள்ள வேண்டும்.

இரட்டைக் கட்ட இயந்திரத்தில் வேலை இரண்டாகப் பிரிகிறது. முன்னாலுள்ள இரும்புத் திருகு, அதாவது ஆகர், மெதுவாகச் சுழன்று பனியை வெட்டி நடுப்பகுதிக்குக் கொண்டுவருகிறது. அதன் பின்னால் ஏறத்தாழ பத்து மடங்கு வேகத்தில் சுழலும் இம்பெல்லர் அதைக் குழல் வழியாக வீசி எறிகிறது. சக்கரங்கள் தாமாகவே ஓடுகின்றன. முன்னுக்குப் பல வேகங்களும் பின்னுக்கு ஒன்றிரண்டும் உண்டு. ஆகர் நிலத்தைத் தொடாததால் மெல்லிய பனிப்படை ஒன்று மிஞ்சும். அதன் மேல் கார் ஏறி இறங்கினால் அது இறுகிப் பனிக்கட்டியாகிவிடும் என்பதால், உப்புப் போடுவது கட்டாயமாகிறது.

இனி, டிரைவ்வே வாயிலுக்கு வருவோம். வண்டி தள்ளிவிட்டுப் போகும் பனி, வானத்திலிருந்து விழுந்த பனி அல்ல. தெருவின் உப்பும் கார்ச் சக்கரங்கள் மிதித்த சேறும் கலந்து, கட்டி கட்டியாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்புபோலக் குறுக்கே கிடக்கும். இரண்டு மணி நேரம் விட்டால், சவளின் முனையை உள்ளே இறக்கவும் முடியாதபடி இறுகிவிடும். ஒற்றைக் கட்ட இயந்திரத்தை இதற்குள் செலுத்தினால் துடுப்புகள் கட்டிகளின் மேல் வழுக்குகின்றன. முன்பகுதி தூக்கிக்கொண்டு வரம்பின் மேல் ஏறப் பார்க்கிறது. கைப்பிடியை உயர்த்தி முன்பகுதியை அழுத்த வேண்டும், பின்னுக்கு இழுத்து மறுபடியும் முட்ட வேண்டும், இடையிடையே சவளால் கட்டிகளை உடைத்துக் கொடுக்க வேண்டும். வேலை முடியும், ஆனால் முதுகு தப்பாது. இரட்டைக் கட்ட இயந்திரத்தை மிகக் குறைந்த வேகத்தில், இயந்திர விசையை முழுமையாக வைத்து, வரம்பின் பாதி அகலத்தை மட்டும் கடிக்கும்படி விட்டால், ஆகரின் இரும்புப் பற்கள் கட்டிகளை அரைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 2022 ஜனவரி 17ஆம் தேதி ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் பல இடங்களில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியதைப் போன்ற நாட்களில், ஒற்றைக் கட்ட இயந்திரத்தின் வாய்ப்பகுதி முழுவதுமே பனிக்குள் புதைந்துவிடும். அதன் வாயின் உயரமே சுமார் 30 செ.மீ.தான், இரட்டைக் கட்டத்தில் அது 50 செ.மீ.யைத் தாண்டும்.

அகற்றிய பனியைத் தெருவுக்கே திருப்பி வீசும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, அனுமதியின்றி வீதியில் பனியைப் போடக்கூடாது. ஆகவே வீசும் தூரம் முக்கியமாகிறது. அகலமான டிரைவ்வேயின் நடுவிலிருந்து புல்தரை வரைக்கும் ஒரே வீச்சில் போகாவிட்டால், அதே பனியை இரண்டு முறை அள்ள நேரிடும். இரட்டைக் கட்ட இயந்திரங்கள் 12 முதல் 15 மீட்டர் வரை வீசும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உலர்ந்த பனியில் அதற்குக் கிட்டத்தட்ட வரும். பூச்சியப் பாகைக்கு அருகில் விழும் சொதசொதப்பான பனியில் பாதிகூட வராது.

டிரைவ்வேயில் சரளைக் கல் பரப்பியிருந்தால் தேர்வே இல்லை: இரட்டைக் கட்டம்தான். ரப்பர் துடுப்பு கல்லைப் பொறுக்கி அயலவரின் சன்னலுக்கு அனுப்பிவிடும். இரட்டைக் கட்டத்தில் பக்கவாட்டிலுள்ள சறுக்குத் தகடுகளைக் கீழிறக்கினால் முன்வாய் நிலத்திலிருந்து 2, 3 செ.மீ. உயரும். தார்த் தரையில் 3 மி.மீ. இடைவெளி போதும்.

பராமரிப்பில் ஒற்றைக் கட்டம் எளிது. ரப்பர் துடுப்புகளும் அடியிலுள்ள சுரண்டும் பட்டையும் தேயும். மாற்ற வேண்டியவை பெரும்பாலும் அவைதான். இரட்டைக் கட்டத்தில் ஷியர் பின் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் காலை, பனிக்குள் உறைந்து கிடந்த விளம்பரத்தாள் கட்டு ஒன்றை ஆகர் விழுங்கியது. டப் என்று ஒரு சத்தம். வலப்பக்கத் திருகு நின்றுவிட, இடப்பக்கம் மட்டும் சுழன்றது. இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டுப் பார்த்தால், சுண்டுவிரல் அளவுள்ள அந்தப் பின் இரண்டாக வெட்டுண்டிருந்தது. கியர்பெட்டி தப்புவதற்காகவே உடையும்படி செய்யப்பட்ட பாகம் அது. திருகைக் கையால் உருட்டித் துளைகளை நேர்ப்படுத்திப் புதிய பின்னைச் செருகச் சில நிமிடங்கள் போதும். அதற்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண உருக்கு போல்ட்டைப் பூட்டினால், அடுத்த முறை உடைவது கியர்பெட்டியாக இருக்கும். ஷியர் பின்கள் சிலவற்றைக் கைப்பிடிக்கு அருகிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

பெற்றோல் விடயத்தில் இரண்டுக்கும் ஒரே கவனம் தேவை. எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை உறிஞ்சும். கோடை முழுவதும் கார்புரேட்டருக்குள் கிடந்தால் பசைபோலப் படிந்து சிறு துளைகளை அடைத்துவிடும். நவம்பரில் ஸ்டார்ட் ஆகாத இயந்திரங்கள் பலவற்றுக்கும் இதுவே காரணம். வசந்த காலத்தில் தாங்கியைக் காலியாக்கி, இயந்திரம் தானாக நிற்கும் வரை ஓட விட வேண்டும்.

குழல் அடைத்துக்கொண்டால் கையை உள்ளே விடாதீர்கள். இயந்திரம் நின்ற பிறகும் ஆகரிலும் இம்பெல்லரிலும் இறுக்கம் தேங்கி நிற்கலாம். அடைப்பு விலகும் கணத்தில் அது ஒரு முறை சுழன்றால் விரல்கள் போய்விடும். இயந்திரத்தோடு தரப்படும் பிளாஸ்டிக் கரண்டியாலேயே அடைப்பை எடுக்க வேண்டும். கராஜுக்குள் ஓட விடவும் கூடாது, கதவு திறந்திருந்தாலும்.

ரொறன்ரோ, மார்க்கம், அஜாக்ஸ் பகுதிகளில் தார் போட்ட ஒற்றை டிரைவ்வே உள்ளவர்கள் ஒற்றைக் கட்டத்தையே வாங்கலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை வாயிலில் சவள் பிடிக்க நேர்ந்தாலும் அதுவே பொருத்தம். அகலமான டிரைவ்வே, மூலை வீடு, சரளைத் தரை, பேரிக்கு வடக்கே குடியிருப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரட்டைக் கட்டத்துக்குப் பணம் சேருங்கள். என்னிடம் ஒன்று மட்டுமே இருக்கலாம் என்றால் நான் வைத்துக்கொள்வது அதைத்தான். புதியதன் விலை கட்டுப்படியாகாவிட்டால் பழையதை வசந்த காலத்தில் தேடுங்கள். வாங்குமுன் கியர்பெட்டியின் அடியில் கிரீஸ் கசிகிறதா, இம்பெல்லர் கூட்டின் அடித்தகடு துருவேறி மெலிந்திருக்கிறதா, இயந்திரம் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். நீங்கள் போகும்போது விற்பவர் அதை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.