தானாகப் போகும் ரினியூவல் மெயில்: ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்த ஏஜென்ட் சொல்கிறேன்

நான் இன்ஸூரன்ஸ் ஏஜென்ட். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். வண்டி, ஹெல்த் எல்லாம் சேர்த்து 640 பாலிசி பார்க்கிறேன். பதினோரு வருஷமாக, பாலிசி புதுப்பிக்கவேண்டிய டியூ தேதியெல்லாம் நீளநோட்டில்தான் இருந்தது. மாதத்துக்கு ஒரு பக்கம், முடிந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு.

போன வருஷம் அந்த நோட்டில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டது. குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்பவர் ஒருவருடைய கார் பாலிசி அதற்குள் மாட்டிக்கொண்டது. ஐந்து வருஷம் கிளெய்மே போடாமல் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, சேர்த்து வைத்திருந்தார். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால்தான் அந்தப் போனஸ் நிற்கும். நான் கண்டுபிடித்தது 97-ஆவது நாள். தன் வண்டிச் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியம் 5,500 வரவேண்டிய இடத்தில் 11,000 வந்தது. அதற்கு மேல் வண்டியைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்‌ஷன் வேறு. "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேம்மா" என்றார், அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த வாரமே காட்பாடி காந்தி நகரில் இரண்டு பேர் நடத்தும் ஒரு சின்ன மென்பொருள் ஆபீஸில் போய் நின்றேன். அமைத்துக் கொடுக்க 8,500 ரூபாய், மாதச் சந்தா 700. பாலிசிப் பட்டியல் கூகுள் ஷீட்டில் இருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு மென்பொருள் அதைப் படித்து, முடிவுத் தேதிக்கு 45, 30, 15, 7, 1 நாள் முன்னால் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பும். வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. ஆனால் முதல் மாதம் நான் உட்கார்ந்து பார்க்காமல் விட்டிருந்தால் பெரிய கெடுதல் நடந்திருக்கும்.

அவர்கள் எழுதித் தந்த மாதிரிக் கடிதம் ஒன்றேதான். ஹெல்த்துக்கும் அதுதான், வண்டிக்கும் அதுதான். "பாலிசி முடிந்தாலும் 30 நாள் சலுகைக் காலம் உண்டு" என்று கடைசி வரி. ஹெல்த்துக்கு அது சரி. அதிலும் வருஷப் பிரீமியத்தை ஒரே தடவையாகக் கட்டுகிறவர்களுக்கு அந்த 30 நாளில் காத்திருப்புக் காலக் கணக்கு (சில நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்கக் காத்திருக்கவேண்டிய காலம்) அறுபடாமல் இருக்குமே தவிர, இடையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிளெய்ம் கிடைக்காது. வண்டிக்கோ சலுகைக் காலம் என்பதே கிடையாது. நள்ளிரவோடு கவர் முடிந்தது. மறுநாள் காலை அந்த வண்டி பைபாஸில் யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈடு முழுக்க வண்டிக்காரர் தலையில். மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய், சிறைத் தண்டனையும் உண்டு. அந்த வரியை நம்பி ஒருவர் வண்டியை எடுத்திருந்தால்? நானே உட்கார்ந்து இரண்டு கடிதம் தனித்தனியாக எழுதினேன். வண்டிக் கடிதத்தில் முடிவுத் தேதிக்கு அடுத்த நாள் போவது ஒரே வரி: "புதுப்பிக்கும் வரை தயவுசெய்து வண்டியை வெளியே எடுக்காதீர்கள்."

பைக்குக்கு மூன்றாவது கடிதம் வேண்டியிருந்தது. 2018 செப்டம்பர் முதல் வாங்கிய புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான பாகம், ஐந்து வருஷத்துக்குச் சேர்ந்தே வருகிறது. அதனால் ஐந்து வருஷமும் எல்லாமே கவர் ஆகிறது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். தன் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பாகம் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். ஷீட்டில் இரண்டு தேதிக்கு இரண்டு நெடுவரிசை போடச் சொல்லி வாங்கினேன்.

அடுத்தது தேதிக் குழப்பம். ஷீட் அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது. நான் 05/06 என்று அடித்தால் எனக்கு ஜூன் 5, அதற்கு மே 6. 13/06 மாதிரி இருந்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்று அதை வெறும் எழுத்தாக வைத்துவிடும், மெயிலே போகாது. ஒருவருக்கு ஒரு மாதம் முன்னாலேயே போகிறது, இன்னொருவருக்குப் போகவே இல்லை, காரணம் புரியாமல் நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஷீட் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றி, தேதியையெல்லாம் மறுபடி அடித்த பிறகுதான் சரியானது. நீங்கள் இப்படி எதையாவது அமைக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

மெயில் முகவரி இன்னொரு கதை. 640-இல் 410 பேருக்கு முகவரி இருந்தது. பிரித்துப் பார்த்தால் 63 முகவரி வாடிக்கையாளருடையதே இல்லை. சில இடத்தில் வண்டி வாங்கிய ஷோரூமுடையது, சில இடத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டருடையது, சில இடத்தில் என்னுடையதே. மூன்று வாரம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். அதில்தான் எனக்கு நல்ல வழி ஒன்று கிடைத்தது. வயதானவர்கள் பலர் "எனக்கு மெயில் தெரியாதும்மா, பையன்தான் கட்டறான்" என்றார்கள். பையன் பெங்களூரிலோ சென்னையிலோ. அவர்கள் சம்மதத்தோடு பிள்ளைகளின் முகவரியைப் போட்டேன். இன்றைக்கு மெயில் பார்த்த அன்றே பணம் கட்டுகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

முதலில் என் சாதாரண ஜிமெயிலில் இருந்தே அனுப்பியதில் நிறைய ஸ்பாமுக்குப் போனது. சொந்த டொமைன் வாங்கி எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மெயில் உண்மையாகவே நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள் மூன்றும் போட்ட பிறகு நின்றது. இந்த வேலையை அவர்கள் சுத்தமாகச் செய்து கொடுத்தார்கள். தலைப்பில் வண்டி எண்ணும் தேதியும் இருக்கட்டும், "டிஎன் 23 ... பாலிசி 12-ஆம் தேதி முடிகிறது" என்று. பெயர் தெரியாத தலைப்பை யாரும் திறப்பதில்லை. பணம் கட்டும் லிங்க் நான் வைப்பதே இல்லை. லிங்க்கைப் பார்த்தாலே மோசடியோ என்று பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானது.

2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்றானபோது, மெயிலில் போகும் தொகைக் கணக்கில் பழைய 18 சதவீதம் அப்படியே நின்றது. சொல்லி இரண்டு நாளில் மாற்றினார்கள். அதற்குள் தப்பான தொகையோடு மெயில் போன ஆறு பேருக்கு நான் போன் பண்ணித் திருத்தம் சொன்னேன். கார், பைக்குக்கு 18 சதவீதம் தொடர்கிறது என்பதால் இரண்டையும் ஒரே சூத்திரத்தில் வைக்கக்கூடாது.

குறை என்று சொன்னால் ஒன்று எனக்கு உண்மையாகவே வருத்தம். பணம் கட்டியவருக்கு மெயிலை நிறுத்துவது நான் கையால் டிக் போட்டால்தான். இன்ஸூரன்ஸ் கம்பெனி போர்ட்டலோடு இணைத்துத் தருகிறோம் என்று சொல்லி ஒன்பது மாதம் ஆகிறது, வரவில்லை. ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பாய் ஒருவர் கூப்பிட்டார்: "இன்னாம்மா, போன வாரமே கட்டிட்டேன், மறுபடியும் மெயில் வருதே, பணம் போய்ச் சேரலியா?" பாலிசி நகலை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆனாலும் அரை நாள் அவர் பதறிப் போனது பதறிப் போனதுதான். இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மற்ற வேலையை நிறுத்திவிட்டு டிக் போடுகிறேன்.

நூறு நூற்றைம்பது பாலிசிக்கு இது வேண்டாம், போன் காலண்டரே போதும். இருநூறைத் தாண்டினால் வாங்குங்கள். வாங்குவதற்கு முன்னால் பட்டியலைச் சுத்தம் பண்ணுங்கள், கடிதத்தை நீங்களே எழுதுங்கள்.

குடியாத்தத்துக்காரருக்கு இந்த வருஷம் 45-ஆவது நாள் மெயில் போனது. அன்று மதியமே கூப்பிட்டார். போனஸ் 20 சதவீதத்தில் இருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறது. பழைய 50-ஐத் தொட இன்னும் நான்கு வருஷம்.