ஸ்டென்ட்டுக்குப் பிறகு டிக்காக்ரெலரா, குளோபிடோக்ரெலா?

மாரடைப்பு வந்து பினாங்கில் அப்பாவுக்கு ஸ்டென்ட் (அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தபோது, அதில் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுத்த மாத்திரை டிக்காக்ரெலர். முதல் மாதம் கழிந்ததும் இதய மருத்துவரே குளோபிடோக்ரெலுக்கு மாற்றினார். இரண்டையும் வீட்டில் பார்த்தாகிவிட்டது. முதல் மாதத்தை விட்டுவிட்டால், என் ஓட்டு குளோபிடோக்ரெலுக்கு.

வலு என்று பார்த்தால் டிக்காக்ரெலர்தான். 2009-இல் வெளிவந்த பிளேட்டோ ஆய்வில், ஓராண்டுக்குள் இதய, இரத்தக்குழாய் நோயால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஒன்று நேர்ந்தவர்கள் டிக்காக்ரெலரில் 9.8 சதவீதம், குளோபிடோக்ரெலில் 11.7. குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும்; ஆசியர்களில் பலருக்கு அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. வயிற்றுக்கு ஒமெப்ரசோல் சாப்பிட்டால் அதன் பலன் இன்னும் குறையும். விலையில் குளோபிடோக்ரெல் மலிவு.

எங்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் பட்டது இராத்திரி மாத்திரை. டிக்காக்ரெலர் 90 மில்லிகிராம் காலையும் இரவும் போட வேண்டும். மாத்திரைப் பெட்டியைத் திறந்தால் காலை வரிசை காலி, இரவு வரிசையில் ஆங்காங்கே மாத்திரை அப்படியே கிடக்கும். சாயங்காலம் ஜெலுத்தோங் மாமாக் கடைக்குப் போனால் அப்பா வரத் தாமதமாகும், வந்ததும் படுத்துவிடுவார். இதைச் சின்ன விஷயமாக எடுக்க முடியாது. ஸ்டென்ட்டின் உலோகத்தை இரத்தக்குழாயின் உள்தோல் மூடும்வரை தட்டணுக்கள் (இரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) அதில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அங்கே இரத்தம் உறைந்தால் மறுபடி மாரடைப்பு, உயிருக்கே ஆபத்து. தட்டணுக்கள் மேல் டிக்காக்ரெலரின் பிடி சீக்கிரம் தளரும். குளோபிடோக்ரெல் பிடித்த தட்டணுவை அது சாகும்வரை விடாது. 75 மில்லிகிராம், பசியாறியதும் ஒன்று, அவ்வளவுதான். மாற்றியதிலிருந்து பெட்டியில் மாத்திரை மிஞ்சுவதில்லை.

அப்புறம் மூச்சு. “படுத்தா மூச்சு முட்டுதுய்யா” என்பார். டிக்காக்ரெலருக்கு இது தெரிந்த பக்கவிளைவு, பிளேட்டோவில் 13.8 சதவீதத்தினருக்கு வந்தது, குளோபிடோக்ரெலில் 7.8. இதயக் கோளாறு இல்லை என்று பரிசோதித்த பிறகே மருத்துவர் மருந்தை மாற்றினார்.

இப்படி மாற்றுவதற்கு ஆதாரமும் உண்டு. 2021-இல் வந்த டாலோஸ் ஆய்வில், ஒரு மாதத்துக்குப் பிறகு மாறியவர்களில் மாரடைப்பு, இரத்தக்கசிவு எல்லாம் சேர்த்து 4.6 சதவீதம், டிக்காக்ரெலரிலேயே இருந்தவர்களில் 8.2. பெரும்பாலும் இரத்தக்கசிவு குறைந்ததால் வந்த வித்தியாசம் அது. ஆனால் அவர்கள் கொரியர்கள்; நம்மவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அப்பாவுக்கு ஒரே ஸ்டென்ட், சர்க்கரையும் இல்லை. நாலைந்து ஸ்டென்ட்டோடு சர்க்கரையும் உள்ளவரை மருத்துவர் டிக்காக்ரெலரிலேயே வைத்திருந்தால், அதைத்தான் கேட்க வேண்டும்.

எதுவானாலும், பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள்.