ஏழு வயதுக்கு மார்ஷலா, மாட்லியா?

பிப்ரவரி வந்தால் இங்கே அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினத்தவர் வரலாற்று மாதம். இரண்டாம் வகுப்பில் இருக்கும் என் மகள் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். தாத்தா வக்கீல் என்பதால் வக்கீல் கதைதான் வேண்டுமென்று ஒரே அடம். தர்குட் மார்ஷல், கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி இருவர் கதையையும் சொல்லிப் பார்த்தேன்.

மார்ஷலைச் சொல்வது சுலபம். பிறந்தபோது வைத்த பெயர் தரோகுட். எழுதி மாளவில்லை என்று இரண்டாம் வகுப்பிலேயே சுருக்கிக்கொண்டவர். நீளப் பெயரோடு அல்லாடும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் வைக்கக்கூடாது என்று 1954இல் வழக்கை வென்றார், 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். படப் புத்தகத்துக்கும் பஞ்சமில்லை.

சிக்கல் அடுத்த கேள்வியில் வந்தது. "அவர் எப்பவும் ஒரு பக்கம்தானே பேசினார்? அப்புறம் எப்படிப்பா அம்பயர் ஆனார்?"

வக்கீல் நீதிபதியாகும் கதையின் முடிச்சே இதுதான். மார்ஷல் அந்த நாற்காலியில் 24 ஆண்டுகள் இருந்தார். ஆனால் அந்தத் தீர்ப்புகளில் ஏழு வயதுக்கு ஏற்ற ஒன்றை என்னால் பொறுக்க முடியவில்லை.

மாட்லியிடம் பதில் இருந்தது. நியூ ஹேவனில் பிறந்த சமையல்காரர் மகள். 15 வயதில் கடற்கரைக்குப் போனபோது நிறத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சட்டம் படிக்கும்போதே மார்ஷலின் அலுவலகத்தில் சேர்ந்தார். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவருக்காக வழக்காடி, 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கதவைத் திறக்க வைத்தார். (அங்கே வெடித்த கலவரத்தில் இருவர் இறந்ததை நான் சொல்லவில்லை.) 1966இல் கூட்டாட்சி நீதிபதி, அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

1975இல் அவரிடம் ஒரு வழக்கு. பெண் வக்கீல்களுக்குப் பாரபட்சம் காட்டுவதாக நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் மேல் புகார். 'நீங்கள் பெண், பாரபட்ச வழக்குகளை நடத்தியவர் வேறு, விலகிக்கொள்ளுங்கள்' என்றது நிறுவனம். அவர் மறுத்தார். எல்லா நீதிபதிக்கும் பாலினம் உண்டு, இனம் உண்டு. அதைக் காரணமாக எடுத்தால் இந்த வழக்கை விசாரிக்க ஒருவருமே மிஞ்ச மாட்டார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதை விளையாட்டாக மாற்றிக் கேட்டேன். "பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் மேட்ச். பொண்ணு அம்பயரா இருக்கக்கூடாதுன்னு பசங்க சொல்றாங்க. என்ன செய்யலாம்?"

கொஞ்சம் யோசித்தாள். "அப்போ பையனும் இருக்கக்கூடாதே!"

எனக்கு மாட்லிதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. இது ஒரு பிள்ளையிடம், ஒரு வாரம் பார்த்த அனுபவம்தான். இருபது பேர் இருக்கும் வகுப்பில் இதே வழி எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான்கு வயதுத் தம்பிக்கு அம்பயர் சமாசாரம் ஏறவே இல்லை. பெயரைச் சுருக்கிய கதையைத்தான் தினமும் கேட்கிறான். அந்த வயதுக்கு மார்ஷல் போதும் போலிருக்கிறது.