கூகுள் டாக்ஸ் கூட்டக் குறிப்பு: கடைசிப் பகுதிக்காகவே பயன்படுத்தலாம்

ஆவணத்தில் @ தட்டி ‘மீட்டிங் நோட்ஸ்’ எடுத்து, காலண்டரில் உள்ள கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் தலைப்பு, தேதி, அழைக்கப்பட்டவர்கள் பெயர் எல்லாம் தானாக வந்துவிடும். அது சின்ன வசதி. உருப்படியானது கீழே வரும் செக்லிஸ்ட்தான், அதாவது கூட்டத்தில் முடிவான வேலைகளின் பட்டியல்.

ஒவ்வொரு வரியையும் ஓர் ஆளுக்கு ஒதுக்கி, கெடு தேதி போட்டால், அது அவருடைய கூகுள் டாஸ்க்ஸ் என்ற வேலைப்பட்டியல் செயலியில் போய் நிற்கும். அங்கே முடித்தால் இங்கேயும் டிக் விழும். ஒரு வேலைக்கு ஒருவரைத்தான் போடலாம். இதைக் குறை என்பார்கள். இருவர் பொறுப்பு என்றால் இருவருமே செய்யமாட்டார்கள், ஆகவே நல்லதுதான்.

பலர் சறுக்குவது, பெயரை வெறுமனே டைப் செய்துவிட்டு ஒதுக்காமல் விடுவதில். அப்படியானால் யாருக்கும் எதுவும் போகாது. ‘விலை பார்க்கணும்’ என்ற வரியும் உதவாது. ‘மூன்று சப்ளையரிடம் விலை வாங்கி அனுப்புவது’ என்று எழுதவேண்டும். கடைசி 5 நிமிடத்தில், எல்லோரும் இருக்கும்போதே திரையில் போட்டு ஒதுக்குங்கள். இப்படி ஒதுக்க, அலுவலகமோ பள்ளியோ தரும் கூகுள் கணக்கு அவசியம்.