பிக்சல் 9ஏ போதுமா, கேலக்ஸி எஸ்25 வேண்டுமா?

2025-இல் இந்தியாவுக்கு வந்தபோது கூகுளின் பிக்சல் 9ஏ போன் 49,999 ரூபாய், சாம்சங்கின் கேலக்ஸி எஸ்25 போன் 80,999 ரூபாய். இரண்டிலும் 256 ஜிபி சேமிப்பிடம், இரண்டுக்கும் ஏழு ஆண்டு அப்டேட், அப்புறம் எதற்கு 31,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். எஸ்25-இல் 3 மடங்கு ஆப்டிகல் ஜூம் உண்டு, 9ஏ-வில் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் தனி டெலிபோட்டோ லென்ஸே கிடையாது, பள்ளி ஆண்டுவிழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் பிள்ளையைப் படம் எடுக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கேம் பிரியர்களுக்கும் எஸ்25-தான் சரி. ஆனால் பேட்டரி? 9ஏ-வில் 5,100 எம்ஏஎச், எஸ்25-இல் வெறும் 4,000. நாள் முழுக்க வெளியே அலைகிறவருக்கு இது பெரிய விஷயம். வாட்ஸ்அப், யூடியூப், யுபிஐ, வீட்டுப் படங்கள், இவ்வளவுதான் தேவை என்றால் தயங்காமல் 9ஏ வாங்குங்கள், எஸ்25-க்காகத் தவணையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.