மாண்டிஸ் இறாலுக்கு 'ரெடி தொட்டி' வாங்கும் முன் பாறையைப் பற்றிக் கேளுங்கள்

உப்புநீர்த் தொட்டியில் மாண்டிஸ் இறால் (சுத்தியல் போன்ற முன்கால்களால் அடித்து இரையின் ஓட்டை உடைக்கும் கடல் ஜீவன்) வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதில் பீக்காக் மாண்டிஸ் என்ற வகை என்னுடையது, வீட்டுக்கு வந்த பதினோராவது நாள் செத்துப்போனது. அதைக் கொன்றது தொட்டியோடு சேர்த்து எனக்கு விற்கப்பட்ட பாறையும் மணலும். விற்றவர் பெயரைப் போடப்போவதில்லை. ஆனால் அவர் சொன்ன பதில்களை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கும் இதே பதில்கள்தான் வரும்.

எல்லாம் கண்ணாடி உடையும் என்ற பயத்தில் ஆரம்பித்தது. என்னிடம் ஏற்கெனவே 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா இருந்தது, அதிலேயே வைக்கலாமா என்றுதான் அவரிடம் முதலில் கேட்டேன். "கண்ணாடியா? ஒரே அடியில் உடைச்சிடும் சார்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நானும் நம்பினேன். பீக்காக் மாண்டிஸின் அடி விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும் என்று ஆராய்ச்சியாளர் ஷீலா பாட்டெக்கின் குழுவினர் 2004-இல் அளந்து சொன்னார்கள். அந்த வேகத்தில் தண்ணீரிலேயே குமிழி உண்டாகி, அது உடையும்போது இரண்டாவதாக இன்னொரு அடி விழும். 1998-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில் ஒரு மாண்டிஸ் காட்சித் தொட்டியின் கண்ணாடியையே உடைத்த செய்தியும் உண்டு. ஆனால் அது செய்தியானதே அபூர்வம் என்பதால்தான். கனமான கண்ணாடித் தொட்டியில் வருடக்கணக்காகப் பிரச்சினை இல்லாமல் வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை அவர் சொல்லவில்லை, நானும் அப்போது தேடிப் பார்க்கவில்லை.

பயம் வந்த கையோடு அடுத்த பேச்சு: அவரிடமே ஒரு அக்ரிலிக் தொட்டி இருக்கிறதாம். பாறை, மணல், ஸ்கிம்மர் (தண்ணீரின் கழிவை நுரையாக எடுக்கும் கருவி) எல்லாம் சேர்த்து, சைக்கிள் முடிந்து, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏற்கெனவே வளர்ந்து, இன்றைக்கு எடுத்துப் போனால் நாளைக்கே மாண்டிஸை விடலாமாம். புதுத் தொட்டி என்றால் பாக்டீரியா வளர்ந்து அமோனியா அடங்க நாலு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு மிச்சம் என்று நினைத்தேன். தண்ணீரைப் பரிசோதித்தும் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10, உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி. எல்லாம் சரியாக இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் அப்போதே கண்ணில் பட்டது. லைவ் ராக் (கடல் உயிர்கள் ஒட்டி வாழும் பாறை) என்று கொடுத்த பாறையில் உயிருள்ள எதுவுமே இல்லை. ஒரு புழு இல்லை, கண்ணாடி ஓரத்தில் ஓடும் பொடிப் பூச்சிகள் இல்லை, பாறையில் படரும் ஊதா நிறப் பாசி கூட இல்லை. கேட்டதற்கு, "பாறை அவ்வளவு சுத்தம் சார், புழு பூச்சி எதுவும் வராது" என்றார். நான் அதை நல்ல விஷயமாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது, அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே இருந்தது.

மாண்டிஸ் வந்தது. கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர், பச்சையும் நீலமும் சிவப்புமாக. முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. பி.வி.சி. குழாயை மணலில் புதைத்து வளையாக வைத்திருந்தேன், அதன் வாசலில் கல்லாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே இருந்தது. நான் அறைக்குள் நுழைந்தால் இரண்டு கண்களும் தனித்தனியாகத் திரும்பி என்னையே பார்க்கும். ஒரு இறால் வகை ஜீவன் நம்மை அப்படி அடையாளம் கண்டு பார்ப்பதுபோல் இருப்பது, வளர்த்தவர்களுக்குத்தான் புரியும்.

மூன்றாம் நாள், அதற்கு உணவாக விட்ட நத்தைகளைக் கவனித்தேன். கண்ணாடியில் ஒட்டவே இல்லை, மணலில் மல்லாந்து கிடந்தன. மாண்டிஸும் அவற்றைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் உறைந்த இறால் துண்டைக் குச்சியில் நீட்டினேன், வாங்கி அப்படியே கீழே போட்டது. அவரைக் கேட்டேன். "ஓடு உரிக்கப் போகுது, ஒரு வாரம் சாப்பிடாது, தொந்தரவு பண்ணாதீங்க." இதுவும் பாதி உண்மை. ஓடு உரிக்கும் முன் மாண்டிஸ் வளையை அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். ஆனால் என்னுடையது வளையை அடைக்கவில்லை. வெளியே வந்து கிடந்தது. ஒளிந்திருக்க வேண்டியது திறந்த வெளியில் சோர்ந்து கிடந்தால் அது ஓடு உரிப்பதற்கான அறிகுறி அல்ல என்று எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

பத்தாம் நாள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. மாண்டிஸுக்குச் செவுள் வயிற்றுப் பக்கத் துடுப்புக் கால்களில்தான் இருக்கிறது. நல்ல நிலையில் அவை ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல் அசைந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு இரண்டு மூன்றுதான் விட்டு விட்டு அசைந்தன. பாதித் தண்ணீரை மாற்றினேன், தண்ணீரில் உள்ள நச்சை உறிஞ்சும் கார்பன் போட்டேன். அடுத்த நாள் காலை அசைவு நின்றுவிட்டது.

நத்தையும் மாண்டிஸும் சாகிறது, அமோனியா இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது செம்பு. மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காப்பர், அதாவது செம்பு கலந்த மருந்து போடுவார்கள். விற்பனையாளர்கள் சிலர் மீன் மட்டும் வைக்கும் தொட்டிகளில் அதை எப்போதுமே போட்டு வைப்பார்கள். மீன் தாங்கும், இறால் வகையும் நத்தையும் தாங்காது. இத்தனைக்கும் மாண்டிஸின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புள்ள ஒரு புரதம்தான், ஆனால் தண்ணீரில் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும் செம்பு அதன் செவுளையே கெடுக்கும். பாக்டீரியாவை அந்த மருந்து பெரிதாகப் பாதிக்காததால் அமோனியா, நைட்ரைட் பரிசோதனையில் தொட்டி சுத்தமாகவே தெரியும். என்னுடையதில் தெரிந்ததும் அப்படித்தான்.

முதலில் வாங்கிய காப்பர் டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டியது. அங்கேயே விட்டிருப்பேன், அனுபவமுள்ள நண்பர் ஒருவர்தான் விளக்கினார்: இப்போதைய மருந்துகள் பலவற்றில் செம்பு வேறொரு சேர்மத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும், எல்லாக் கிட்டும் அதைக் காட்டாது. அதையும் காட்டும் கிட் வாங்கிப் பார்த்தால், லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அளவுக்கு நிறம் மாறியது. பாதித் தண்ணீர் மாற்றி, கார்பன் போட்ட பிறகும் அவ்வளவு. என் தண்ணீரோ உப்போ காரணமாக இருக்குமோ என்று புதிதாகக் கலந்த உப்புநீரை இரண்டு வாளியில் எடுத்து, ஒன்றில் மட்டும் அந்தப் பாறையைப் போட்டு ஐந்து நாள் வைத்தேன். பாறை இல்லாத வாளி பூஜ்யம். பாறை கிடந்த வாளியில் நிறம் வந்தது. சுண்ணாம்புப் பாறையும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் அது சீக்கிரம் தீராது.

இரண்டு வாளிகளின் படத்தையும் அனுப்பிக் கேட்டேன். முதலில் "உயிரோடு கொடுத்தேன், அதுக்கப்புறம் என் பொறுப்பு இல்லை." பிறகு "உங்க பராமரிப்பு சரியில்லை." விடாமல் கேட்டதும், "மீன் தொட்டியில் மருந்து எல்லாரும்தான் போடுவாங்க, தண்ணியைத்தான் மாத்திக் கொடுத்தேனே." அவ்வளவுதான். பணம் திரும்பவில்லை. பணத்தை விட எனக்குப் பொறுக்காதது, நான் மாண்டிஸுக்காக வாங்குகிறேன் என்று தெரிந்தே அதைக் கொடுத்தார் என்பது.

பழைய தொட்டி வாங்குவதானால் பாறை, மணல் இல்லாமல் வாங்குங்கள். அல்லது "இதில் எப்போதாவது காப்பர் போட்டிருக்கிறீர்களா?" என்று எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், நல்ல பாறை என்றால் முள்புழுக்களும் பொடிப் பூச்சிகளும் ஓடும். அவை ஓடினால் சந்தோஷப்படுங்கள். ஒரு துண்டுப் பாறையை வாளியில் ஊறவைத்துச் சரியான கிட்டில் பார்க்கும்வரை மாண்டிஸுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தொட்டியையும் உயிரையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் வாங்கியது நான் செய்த பெரிய தவறு.

அந்தப் பாறையையும் மணலையும் யாருக்கும் கொடுக்காமல் தூக்கிப் போட்டுவிட்டேன். அவர் போன வாரம் இன்னொரு செட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். "மாண்டிஸ், இறால் வைக்க ஏற்றது, பாறை சுத்தம், புழு பூச்சி இல்லை" என்று எழுதியிருக்கிறார். இதே வார்த்தைகளில் யாராவது உங்களிடம் விற்க வந்தால், வாங்காதீர்கள்.